வில்லீஸா, லேண்ட் ரோவரா, மிட்சுபிஷியா? மலைநாட்டில் பழைய இராணுவ ஜீப்பை வீட்டில் வைத்துப் புதுப்பிக்க நினைப்பவருக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பழைய இராணுவ ஜீப்மேல் ஆசை வைத்தவர்களுக்குக் குறைவில்லை. ஒன்றை வாங்கி, வீட்டுப் பக்கத்தில் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பிரித்துப் பூட்டிப் புதுசாக்க வேண்டும் என்பதுதான் திட்டம். பேச்சு தொடங்கினால் முதலில் வருவது "எஞ்சின் எப்படி?" என்ற கேள்வி. என் கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. எஞ்சினை இறக்கி லேத்துக்கு அனுப்பிவிடலாம். நம் ஈரத்தில் அந்த வண்டியில் எது உக்குகிறது, உக்கியதை உங்கள் கொட்டகையில் உங்கள் கையால் சரிசெய்ய முடியுமா, பதிவுப் புத்தகம் சரியாக இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எஞ்சின் பக்கம் போக வேண்டும்.

உள்நாட்டில் தேடினால் கிடைக்கக்கூடியவை மூன்று வகை: உலக யுத்தக் காலத்து வில்லீஸ், சீரீஸ் லேண்ட் ரோவர், ஜப்பானில் செய்த மிட்சுபிஷி ஜீப். வெளிநாட்டிலிருந்து பழையதொன்றைக் கப்பலில் இறக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வயது போன வாகனங்களுக்கு இறக்குமதிச் சட்டத்தில் இடமில்லை.

முதலில் புத்தகம்

வண்டி பார்க்கப் போகும்போது டோர்ச்சும் கம்பித் தூரிகையும் கொண்டுபோங்கள். வண்டியின் அடிச்சட்டமான செசியின் இலக்கத்தைத் துரு சுரண்டி வாசித்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். எஞ்சின் மாறியிருந்து புத்தகத்தில் ஏறவில்லை என்றால் அது திருத்தக்கூடியது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும், அவ்வளவுதான். செசி இலக்கமே பொருந்தாவிட்டால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

இலக்கம் எங்கே இருக்கும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஃபோர்ட் செய்த யுத்த ஜீப்பில் இடது பக்கச் சட்டத்தின் மேல் முகத்திலேயே அடித்திருப்பார்கள். வில்லீஸ் செய்ததில் சட்டத்தின் உட்புறம், முன் பம்பருக்குப் பின்னால், ஒரு சிறு தகட்டில் அடித்து ரிவெட் வைத்திருப்பார்கள். தகடு விழுந்துபோயிருந்தால் ஆதாரமும் அதோடு போய்விட்டது. சீரீஸ் 2, 3 லேண்ட் ரோவரில் வலது முன் ஸ்பிரிங் தாங்கியில் இருக்கும். அந்த இடம் துருப்பிடித்து வெட்டி ஒட்டப்படுவதும் சகஜம், ஆகவே இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

தோட்டத்து வண்டிக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்கு வந்தது. பெரிய தொரை, அதாவது தோட்ட முகாமையாளர், ஓட்டிய லேண்ட் ரோவர் என்று பெருமையாகக் காட்டப்படும் வண்டியின் புத்தகத்தில், இன்று இல்லாத ஒரு கம்பனியின் பெயர் இன்னும் இருக்கலாம். யார் கையெழுத்து வைப்பது? இராணுவ ஏலத்தில் போன வண்டி என்றால், பின்னால் அது பொதுப் பதிவுக்கு வந்ததா என்று கேளுங்கள். பதிவே இல்லாமல் இரும்பு விலைக்கு விற்கப்பட்டதை வாங்கினால் வீதியில் ஓட்ட முடியாது, பாகங்களுக்குத்தான் உதவும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் பங்கீட்டுக்கான கியூ.ஆர். பதிவுக்கு செசி இலக்கம் கேட்டபோது புத்தகம் குழம்பிய வண்டிக்காரர்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும்.

வில்லீஸ்: காசு கொடுப்பது சரித்திரத்துக்கு

வில்லீஸ் எம்.பி.யும் அதே வரைபடத்தில் வந்த ஃபோர்ட் ஜி.பி.டபிள்யூ.வும் 1941 முதல் 1945 வரை மொத்தம் 6 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்து பேராதனைப் பூங்காவில் அமர்ந்தது. அந்த நாட்களின் வாசனை இந்த வண்டியில்தான் இருக்கிறது, வேறு எதிலும் வராது. அதனால் விற்பவர்களும் கையில் கிடைத்த எல்லாவற்றையும் "வேர்ல்ட் வார் ஜீப்" என்கிறார்கள். பல நேரம் அது யுத்தம் முடிந்தபின் பொதுமக்களுக்காகச் செய்த சீ.ஜே. வகையாக இருக்கும். முன் கிரில்லை எண்ணுங்கள்: யுத்த ஜீப்புக்கு ஒன்பது பிளவு, சீ.ஜே.க்கு ஏழு. பின் கதவு திறந்தால் சீ.ஜே. பெற்றோல் ஊற்ற ஓட்டுநர் இருக்கையைத் தூக்க வேண்டியிருந்தால் யுத்த ஜீப். வில்லீஸா ஃபோர்டா என்று பிரிக்க, ரேடியேட்டருக்குக் கீழே செசியின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லீஸ், கவிழ்த்த பள்ளம் போல இருந்தால் ஃபோர்ட். ஃபோர்டின் பல போல்ட் தலைகளில் எஃப் எழுத்தும் அடித்திருக்கும்.

உக்கும் இடம் தரை. எம்.பி.யின் தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவப் பட்டைகள் ஓடுகின்றன. அதிர்வு குறைய அவற்றுக்குள் மரக்கட்டை வைத்துவிட்டார்கள். போர்க்களத்தில் சில வருடம் ஓட அது போதும். கினிகத்தேனை மழையில் அந்த மரம் காய்வதே இல்லை, தகடு உள்ளிருந்து தின்னப்படுகிறது. மேலே தகட்டின்மேல் தகடு ஒட்டிய தரையைப் பார்த்தால், கீழே என்ன இருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த உடலில் வளைவுகள் குறைவு, தகட்டு வேலை தெரிந்த நல்ல டிங்கர் பாஸ் ஒருவர் தகடு மடித்துத் தரையையும் பக்கங்களையும் செய்துவிடுவார். பிலிப்பைன்ஸில் எம்.டி. யுவான் நிறுவனம் முழு உடலையே புதிதாகச் செய்கிறது, ஆனால் கப்பல் கூலியும் தீர்வையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். உடல் ஒரே துண்டாகத்தான் இறங்கும். ஐந்தாறு பேரைக் கூப்பிட வேண்டும், தோட்டத்து லயக் குடியிருப்பில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

ஓட்டுவது பற்றிச் சொன்னால் பலர் கோபிப்பார்கள். 2.2 லீற்றர் பக்கவாட்டு வால்வு எஞ்சின், 60 குதிரை வலு, மூன்று கியர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் அந்த அறுபது ஐம்பதுக்குக் கீழே வந்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் டிரான்ஸ்பர் கியர் இருப்பதால் எங்கும் ஏறும், ஆனால் மெதுவாகத்தான். யுத்த ஜீப்புகள் எல்லாம் இடது கை ஓட்டம். றம்பொடை வளைவில், பனிமூட்டத்தில், கொழுந்து லொறிக்குப் பின்னால் போகும்போது எதிரே என்ன வருகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் முந்த வேண்டும். 6 வோல்ட் விளக்கு அந்தப் பனியில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். பிரேக் 9 அங்குல டிரம், நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும்.

இதையெல்லாம் மாற்றலாமே என்றால், மாற்றலாம்தான். டீசல் எஞ்சின், 12 வோல்ட், வலது கை ஸ்டியரிங் என்று எல்லாம் போட்டபின் நீங்கள் எதற்குக் கூடுதல் விலை கொடுத்தீர்களோ அது போய்விடுகிறது. இலக்கம் பொருந்தி, பழைய எஞ்சினோடு ஒன்று கிடைத்தால் அதை அப்படியே மீட்டு, ஞாயிறுகளில் மட்டும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் வில்லீஸ் வேண்டாம்.

லேண்ட் ரோவர்: பிரித்தால் துண்டு துண்டாக வரும்

1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தபோது பிரித்தானியாவில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு மலைநாட்டுக்காரருக்குக் கிடைத்த பரிசு. முன் சிறகு, கதவு, பின் தொட்டி எல்லாம் அலுமினியம், பெரும்பாலும் போல்ட்டில் நிற்பவை. இரண்டு பேர் இருந்தால் முன் சிறகைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். சிறிய இடத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, பகுதி பகுதியாக வேலை செய்ய இதைவிட வசதியான வண்டி இல்லை.

ஆனால் அதே அலுமினியம்தான் வாங்குபவரை ஏமாற்றுவதும். மேலே பட்டு வேட்டி, உள்ளே கிழிந்த பனியன் என்ற கதை. உடல் பளபளக்கும், செசி கையோடு வரும். சீரீஸ் வண்டியின் செசி மூடிய பெட்டி வடிவம். சேறும் நீரும் உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்து வெளியே தின்கிறது. பெயின்ட் அடித்து மறைத்ததைக் கண் காணாது, காது காணும். சிறிய சுத்தியலால் செசி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உக்கிய இடம் மந்தமாகச் சொல்லும். பின் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் தாங்கிகள், உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், முன் ஸ்பிரிங் தாங்கிகள் ஆகியவற்றைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள். எஞ்சினுக்கும் ஓட்டுநரின் காலுக்கும் நடுவே நிற்கும் சுவரும் இரும்புதான். அதன் கால் வைக்கும் குழியும் கதவுத் தூணின் அடியும் போயிருக்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். திரும்பப் பூட்டும்போது நடுவே ரப்பரோ சீலன்ட்டோ வைக்காவிட்டால் மறுபடியும் பூக்கும்.

இப்படிப் பயமுறுத்திவிட்டு ஏன் இதையே சொல்கிறேன்? அந்தச் செசியே நான்கு தட்டைத் தகடுகளை ஓரம் ஓரமாக வெல்டிங் செய்து உண்டாக்கியதுதான். பெரிய அச்சில் அழுத்திய சிக்கலான உருவம் ஒன்றும் இல்லை. இரண்டு மில்லிமீற்றர் அளவிலான தகடு, வெட்டும் கிரைண்டர், ஓரளவு கை பழகிய வெல்டிங் இருந்தால் வீட்டில் வைத்தே ஒரு பக்கத்தைப் புதுசாக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. பக்கக் கைகளை ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டாமல், நடுச்சுவர் பூட்டிய நிலையில் ஒன்றை வெட்டி ஒன்றை ஒட்டி முன்னேற வேண்டும். அளவு தப்பினால் பின்னர் கதவு மூடாது. கதவுத் தூணை மட்டும் நீங்களே தொடாதீர்கள், அதற்கு அனுபவமுள்ள பாஸைக் கூப்பிடுங்கள். செசி முடிந்தபின் துருப்பிடிக்காமல் நாகக் (துத்தநாக) குளியல் கொடுக்கலாம். 450 பாகை அளவில் உருகிய நாகத்தில் முக்குவதால் உட்புறமும் பூசப்படும். காற்றும் நாகமும் வெளியேறத் துளைகள் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் எளிமையானது, பழுதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க நேரம் கொடுக்கும். ஹெட்டை இறக்கும்போது கடினமான வால்வு இருக்கைகளைப் போட்டுவிடுவது நல்லது, 2002-இலிருந்து நம் பெற்றோலில் ஈயம் இல்லை. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குரோம் உருண்டைகள் ஈரத்தில் குழி விழுந்து, எண்ணெய் ஒழுகி, பிரேக்கை நனைத்திருக்கும். அதை முதல் நாளே எதிர்பாருங்கள். பின் அச்சுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட் முரட்டுக் கிளட்சில் முறியும். சக்கரத்தைக் கழற்றாமலே அதை வெளியே இழுத்துவிடலாம் என்பது பெரிய ஆறுதல்.

சாவிகள் அங்குலக் கணக்கு. கொழும்பில் இது தலைவலி, இங்கே அப்படியில்லை. தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) பிரித்தானிய இயந்திரங்களோடு காலம் கழித்த பழைய ஃபிட்டர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். பழைய பிரித்தானிய அளவான விட்வேர்த் சாவிப் பெட்டியும் கிடைக்கும், அதைவிடப் பெறுமதியான ஆளும் கிடைப்பார்.

மிட்சுபிஷி: நாளை காலை வேலைக்குப் போக வேண்டுமானால்

1953-இல் வில்லீஸிடம் உரிமம் வாங்கித் தொடங்கி 1998 வரை ஜப்பானில் செய்த ஜீப் இது. ஜப்பானியத் தற்காப்புப் படையும் இதையே ஓட்டியது. நம்மிடம் எல்லாரும் 4டிஆர்5 ஜீப் என்று எஞ்சின் பெயரால்தான் சொல்வார்கள். 2.7 லீற்றர் டீசல், வலது கை ஓட்டம். தலவாக்கலையில் நின்றால் தலவாக்கலையிலேயே திருத்துவார்கள், பாகம் இல்லாவிட்டால் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நுவரெலியாவின் ஜனவரிக் குளிரில் ஹீட்டர் பிளக் நன்றாக இருந்தால் காலையில் பிடிக்கும். புகைப் பரிசோதனைக்கு முன் பம்பையும் இன்ஜெக்டரையும் அளவு பார்க்கக் கொடுங்கள்.

உடல் முழுக்க இரும்பு. தரை, பின் மூலைகள், உடல் செசியில் உட்காரும் இடங்கள் உக்கும், தகடு வெட்டி ஒட்டுவதே முக்கால் வேலை. இதில் புதுப்பிப்பவருக்குப் பெரிய புதிர் ஒன்றும் இல்லை. சிலருக்கு அது குறை, மனைவிமாருக்கு அது நிறை.

எஞ்சின் மாற்றம் பற்றிய பேச்சு

பெற்றோல் விலையைப் பார்த்து வில்லீஸிலும் லேண்ட் ரோவரிலும் டீசல் எஞ்சின் ஏற்றுவது இங்கே பழைய வழக்கம். கணக்கு வருடத்துக்கு எவ்வளவு ஓடுவீர்கள் என்பதில் இருக்கிறது. தினமும் ஓடும் வண்டியென்றால் மிச்சம் வரும். மாதத்துக்கு இரண்டு முறை ஓர்ட்டன் சமவெளிப் பக்கம் போகிறவருக்கு, மவுண்ட் செய்வது, கியர்பொக்ஸோடு இணைப்பது, ரேடியேட்டர் மாற்றுவது, புத்தகத்தில் ஏற்றுவது எல்லாம் சேர்ந்த செலவு பெற்றோலில் திரும்பி வர நெடுங்காலம் ஆகும். எம்.பி.யின் சிறிய கியர்பொக்ஸுக்குப் பெரிய டீசலின் இழுவையைக் கொடுத்தால் அடுத்த செலவு அங்கே தொடங்கும். கனமான எஞ்சினின் அதிர்வு பழைய செசியில் வெடிப்பும் உண்டாக்கும். டீசல் வேண்டும் என்றால் பிறக்கும்போதே டீசலாகப் பிறந்த மிட்சுபிஷியை வாங்குவதே மலிவு.

சரிவில் வேலை செய்பவருக்கு

சமதரை கிடைப்பது நம் பக்கம் அபூர்வம், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். வில்லீஸிலும் சீரீஸ் லேண்ட் ரோவரிலும் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. முன் பின் அச்சுகளுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக் வைத்துத் தூக்கிய நிமிடம், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் தளர்ந்து சுழல, மற்றச் சக்கரம் உருளும். கைப்பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி போகும். ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தாலும் இதே நிலைதான். மரக்கட்டை வைத்து இரண்டு பக்கமும் அணை கொடுக்காமல் அடியில் படுக்காதீர்கள். இன்னொன்று, பெற்றோல் தாங்கியை வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. காலியானது என்று தோன்றும் தாங்கிதான் வெடிக்கும்.

பிரேக்கில் மட்டும் சரித்திரப் பிடிவாதம் வேண்டாம். குழாய், ஹோஸ், சக்கர சிலிண்டர் எல்லாம் புதுசு, முடிந்தால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நம் காலநிலையில் வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

முழுவதும் பிரிப்பதா, ஓட்டிக்கொண்டே பகுதி பகுதியாகச் செய்வதா என்பது அடுத்த முடிவு. மிட்சுபிஷிக்குப் பகுதி பகுதியாகச் செய்வது சரி. லேண்ட் ரோவர் செசி உக்கியிருந்தால் முழுவதும் பிரிக்காமல் தப்ப முடியாது. பிரிக்கும் முன் ஒவ்வொரு மூலையையும் தொலைபேசியில் படம் எடுங்கள், போல்ட்டுகளைப் பழைய பால்மாப் பெட்டிகளில் பெயர் எழுதிப் போடுங்கள். மலைநாட்டில் பாதியில் நின்ற வண்டிகளில் பலவற்றை எஞ்சின் நிறுத்தவில்லை, பிரித்ததை எப்படிப் பூட்டுவது என்று மறந்ததுதான் நிறுத்தியது.

எதை எடுப்பது?

வண்டி தினமும் ஓட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும் என்றால் மிட்சுபிஷி. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பொருந்திய இலக்கமும் பழைய எஞ்சினும் உள்ள வில்லீஸ் கைக்கு வந்து, கையில் காசும் பொறுமையும் இருந்தால் அதை விடாதீர்கள், ஆனால் தேடி அலையாதீர்கள். வீட்டில் வைத்துத் தன் கையால் ஒரு வண்டியை மீட்கும் சந்தோஷம்தான் வேண்டும் என்றால் நான் லேண்ட் ரோவரைத்தான் சொல்வேன், அதிலும் முன் பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் உள்ள சீரீஸ் 2ஏ அல்லது 3. 109 அங்குலம் உள்ளே இடம் தரும், 11 அங்குலப் பிரேக்கும் தரும். ஆனால் நீளமான செசி என்றால் வெல்டிங்கும் கூடுதல், தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பத்தில் திரும்பாது. சீரீஸ் 3 என்றால் நான்கு முன் கியர்களும் உரசாமல் மாறும் சிங்ரோமெஷ், வீட்டில் மற்றவர்களும் ஓட்டுவார்கள்.

வண்டி வந்ததும் வேலைத் திட்டத்தைப் பெயின்ட் அடிக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஈரக் காற்றில் அடித்த பெயின்ட் வெளிறிப் பூத்துப்போகும். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தவருக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வெயில் கிடைக்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தவர் ஜூன் தொடங்கிக் கச்சான் வீசும் மாதங்களைப் பிடிக்கலாம், தூசு விழாமல் தார்ப்பாயை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்கு முதலில் எட்ச் பிரைமர், இல்லாவிட்டால் அடுத்த மழையில் தோல் உரியும். நிறம் மாற்றினால் அதையும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஒலிவ் பச்சைதான் அடிப்பேன், வெள்ளை நட்சத்திரமும் போடுவேன் என்பவர், சோதனைச் சாவடியில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். லேண்ட் ரோவரின் கரும்பச்சை அந்தத் தொல்லை தராது, தேயிலை மலைக்கும் நன்றாகப் பொருந்தும்.